எர்த் வயர்

விக்டர் இரண்டடி பின்னால் நகர்ந்தான். சத்தம் இறங்கி அடங்கியிருக்க வேண்டும். ஏறியது.

அவன் அப்படியே நின்றான். முத்தியால்பேட்டையின் மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் வழியே தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கும் வாசனை. ஹாலின் நடுவில் தெரமின், அதன் காலடியில் புதிதாக வாங்கிய பேட்டரி ஆம்ப், அதிலிருந்து மெலிதாக, மூக்கால் அழுவது போல நீண்டுகொண்டே போகும் ஒரு ஒலி. தெரமின் தொடாமல் வாசிக்கும் கருவி. வலப்பக்கக் கம்பியை உடம்பு நெருங்கினால் சுருதி ஏறும், விலகினால் இறங்கும். பதினோரு வருடமாக அதன் முன்னால் நிற்பவனுக்கு, கண்ணை மூடிக்கொண்டே யார் எத்தனை அடியில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியும். இந்தச் சுருதி, கம்பியிலிருந்து ஒரு முழம் தள்ளி ஓர் ஆள் நிற்கிற சுருதி.

ஹாலில் அவனைத் தவிர யாரும் இல்லை. மனைவி பெனிஷா உள் அறையில் கட்டிலில் கிடந்தாள். அவளால் எழுந்து வர முடியாது.

ஆம்ப்பை விற்ற மதிவாணனுக்குப் போன் செய்தான். தட்டாஞ்சாவடியில் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ரிப்பேர் பார்க்கிறவன் அவன்.

"பேட்டரில எர்த் ஏது முசே?" என்றான் மதிவாணன். பழைய பிரெஞ்சுத் துரைமார்களைக் கூப்பிடுவதுபோல விக்டரைக் கூப்பிடுவது மதிவாணனுக்கு ஒரு விளையாட்டு. "செவுத்துப் பிளக்குல மூணாவது கால் ஒண்ணு இருக்குதே, அது போய் பூமிய தொட்டுக்கினு இருக்கும். பேட்டரின்னா உங்க பொட்டி அந்தரத்துல தொங்குது. ஒரு வயர எடுத்து பெரிய இரும்பா பாத்து மாட்டுங்க."

"வீட்ல கொழாயெல்லாம் பிளாஸ்டிக்குப்பா."

"அக்கா படுத்துனு இருக்குற கட்டிலு இரும்புதான? அதுல மாட்டுங்க. படுத்துனே உங்களுக்கு ஒத்தாச பண்ணட்டும்." சிரித்தான். பிறகு, "சும்மா சொன்னேன்," என்றான்.

விக்டர் சிரிக்கவில்லை. யோசித்தான்.

பேட்டரி ஆம்ப்தான் வேண்டும். வேறு வழியில்லை. நோணாங்குப்பத்தில் ஆற்றோரம் புதிதாக வந்திருக்கும் ரிசார்ட்டில் மேனேஜர் தீபலட்சுமி தெளிவாகச் சொல்லியிருந்தாள். மணலில்தான் மேடை, அங்கே பிளக் பாயிண்ட் கிடையாது, ஜெனரேட்டர் சத்தம் விருந்தாளிகளுக்குப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் வாராவாரம். நான்கு மாதமாக அவனை யாரும் எங்கும் கூப்பிடவில்லை. இதுவும் போனால் இனி கூப்பிடப் போவதில்லை.

வாங்குவதற்கு முன் மூன்று ஆம்ப்களைப் பார்த்திருந்தான். சின்னதாக ஒன்று, கையில் தூக்கிப் போகலாம். ஆனால் ஒலி ஒரு கண்ணிமைப்பொழுது தாமதித்து வந்தது. காதை மட்டும் நம்பிக் காற்றில் ஸ்வரம் தேடுகிறவனுக்கு அந்தத் தாமதம் குருட்டுத்தனம். இன்னொன்றில் தாழ்ந்த ஸ்வரங்கள் தகரமாக ஒலித்தன. மூன்றாவது எட்டு கிலோ, தோளில் மாட்டப் பட்டை, ஆறு மணி நேர பேட்டரி. அதையே வாங்கினான். பழையது இருபத்திரண்டு கிலோ. அதைத் தூக்குவது எப்போதும் பெனிஷாதான். வாசிக்கிறவன் தோளும் விரலும் கெடக்கூடாது என்பது அவர்களுக்குள் யாரும் பேசி வைக்காத ஏற்பாடு. நான்கு மாதத்துக்கு முன் மாடிப்படியில் ஆம்ப்போடு உருண்டாள். அவன் தெரமினை மார்போடு அணைத்தபடி பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். ஒரு கையை விட்டிருந்தால் பிடித்திருக்கலாம். அதன் பிறகுதான் கீழ் வீட்டுக்குக் குடிவந்தார்கள். இடுப்புக்குக் கீழே அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

பதினைந்து மீட்டர் வயரின் ஒரு முனையைத் தெரமினில் முறுக்கினான். மறுமுனையில் பல் வைத்த கிளிப். கட்டிலின் கால்மாட்டுக் குழாயில் அதைக் கவ்வவிட்டான்.

"என்னங்க இது?"

"சும்மா தரை காட்டுறதுக்கு, பெனி. கரண்ட்லாம் வராது."

ஹாலுக்கு வந்து கையை உயர்த்தினான். ஒலி அசையாமல் நின்றது. இத்தனை வருடத்தில் கேட்டிராத முழுமை அதில் இருந்தது. தொண்டையுள்ள எதுவோ பாடுவது போல இருந்தது. அவன் கண் கலங்கியது. பாட்டின் நடுவில் உள்ளிருந்து குரல் வந்தது.

"என்னங்க. காலு ஜில்லுனு இருக்குது."

பாட்டை முடித்துவிட்டுத்தான் போனான். "நல்லதுதான. உணர்ச்சி வருது."

"என் காலுக்குள்ள இல்லீங்க." அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கீழேருந்து."

புதன்கிழமை காலையில் கட்டிலின் நான்கு கால்களும் மொசைக் தரைக்குள் ஒரு விரல் ஆழம் இறங்கியிருந்தன. தரை உடையவில்லை. விரிசல் இல்லை. ஈரச் சேற்றில் ஊன்றியது போல, வழுவழுப்பான நான்கு குழிகள். பழைய வீடு, அடியில் கடற்கரை மண் என்று சொல்லிக்கொண்டான். பலகைகள் கொண்டுவந்து முட்டுக்கொடுத்தான். அன்று மூன்று மணி நேரம் வாசித்தான். மறுநாள் பலகைகள் இல்லை. தரை மட்டமாக இருந்தது. கட்டில் மட்டும் ஒரு சாண் தாழ்ந்திருந்தது.

அவன் கிளிப்பைக் கழற்றினான்.

ஹாலில் தெரமின் அதுவாகவே முனகத் தொடங்கியது. ஏறியது. ஒரு முழம். ஒரு சாண். அவன் பின்கழுத்தில் ஈரக் குளிர் பட்டது, கிணற்று மூடியைத் திறந்தது போன்ற வாடை. ஓடிப்போய்க் கிளிப்பை மறுபடி கட்டிலில் மாட்டினான். ஒலி அறுந்தது. வாடை போனது. கழுத்து காய்ந்தது.

உள்ளே பெனிஷா மெல்ல மூச்சை இழுத்தாள், குளிர்ந்த நீரில் இறங்குகிறவள் போல.

"கழட்டிடுங்க," என்றாள்.

"ஞாயித்துக்கிழம வரைக்கும்."

"பாதத்த யாரோ கையில வச்சி பாத்துக்கினு இருக்காங்க. எட போடுற மாரி."

"ஞாயித்துக்கிழம வரைக்கும், பெனி."

அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அந்த மௌனம் அவனுக்கு வசதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆம்ப், தெரமின், ஸ்டாண்ட், வயர், கடைசியாக மடக்கிய சக்கர நாற்காலி, பெனிஷா. ஆட்டோக்காரர் உதவி செய்தார். கொஞ்சம் காற்று வாங்கட்டும் என்று கூட்டிவந்ததாக அவன் சொன்னதும், "தங்கமான மனசு சார் உங்களுக்கு," என்றாள் தீபலட்சுமி. ஆற்றின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நாற்காலிகளில் முப்பது பேர். மேடையின் வலப்பக்கம் ஒரு கீற்றுத் தட்டி. அதன் மறைவில், அவன் கண்ணுக்கு மட்டும் படுகிற இடத்தில், பெனிஷாவை நிறுத்தினான்.

முதலில் ஓர் இரும்புக் கம்பியை மணலில் அடித்து வயரை மாட்டிப் பார்த்தான். தெரமின் உடனே முனகியது. ஒரு சாண். நான்கு விரல்.

கிளிப்போடு அவள் அருகில் குனிந்தான்.

"இதுக்குத்தான் இட்டாந்தீங்களா?" என்றாள்.

நாற்காலியின் இரும்புக் குழாயில் கிளிப் கவ்வியது.

வாசித்தான். ஒலி ஆற்றின் மேல் பரவிப்போய்த் திரும்பி வந்தது. யாரும் இருமவில்லை. படகிலிருந்து இறங்கியவர்கள்கூட நின்று கேட்டார்கள். இரண்டாவது பாட்டில் அவன் ஓரக்கண்ணில் ஏதோ தாழ்ந்தது. தலையைத் திருப்ப முடியாது. திருப்பினால் ஸ்வரம் கோணும். விழியை மட்டும் நகர்த்தினான். சக்கரங்கள் பாதிவரை மணலில் இருந்தன.

இரண்டு பாட்டுதான் மிச்சம்.

மூன்றாவதில் இருக்கை மணலைத் தொட்டது. பெனிஷா கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு அவனைப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. அவள் தொண்டையிலிருந்து வரவேண்டியதெல்லாம் ஆம்ப்பிலிருந்து வந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பத்து அடி. போய்ப் பிடித்துவிடலாம். ஒரு கையை விட்டால் போதும்.

தீபலட்சுமி நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று தலையாட்டினாள், திருப்தியாக.

நான்காவது. தோள்கள். கழுத்து. அவள் கண்கள் அவனை விடவில்லை. மணல் கன்னத்தைத் தொட்டபோது இமைத்தாள். ஒருமுறை.

முடி கொஞ்ச நேரம் மணலின் மேல் விரிந்து கிடந்தது. பிறகு அதுவும் இல்லை.

அவன் கடைசி ஸ்வரத்தை இழுத்து, நிறுத்தி, மெல்ல அணைத்தான். கைதட்டல் எழுந்தது. நிற்கவில்லை.

"இன்னொண்ணு கேக்குறாங்க சார்," என்றாள் தீபலட்சுமி. "வாராவாரம் வந்துடுங்க."

மணல் மட்டமாக இருந்தது. வயர் அதற்குள் நேராக இறங்கி, இறுகி நின்றது. விக்டர் கையை உயர்த்தினான். ஒலி எழுந்தது, முன்னைவிடத் தெளிவாக, முன்னைவிட அருகில். வயர் இறங்கிய இடத்தைச் சுற்றி மணல் மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. உயர்ந்தது. தாழ்ந்தது. அவன் விரலின் நடுக்கத்தோடு ஒத்து, மூச்சு விடும் மார்பைப் போல.