சீமாட்டியின் இடுப்பளவு

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடம். கோட்டையின் தையலறையில் வீப்கே பட்டு அங்கியைப் போட்டுப் பார்த்தாள். இடுப்பில் கொக்கி சேரவில்லை. பன்னிரண்டரைக்குச் சரியாக இருந்த அங்கி. மறுநாள் திருவிழா ஊர்வலத்தில் அவளுக்குத்தான் சீமாட்டி வேடம்.

அழுதுகொண்டே அவள் ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர் எர்டெலின் வீட்டுக்கு ஓடினாள். மருந்துக்கடை யோஸ்ட் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தான். எர்டெல் வாய் திறக்குமுன் குற்றவாளியைச் சொல்லிவிடுவது அவன் வழக்கம்.

ஊர்வலத்தில் அவன்தான் பிரபு. ஒன்பது ஆண்டுகளாக அவன் மனைவி ரோஸ்விதா இதே அங்கியில் சீமாட்டியாகப் பக்கத்தில் அமர்ந்தாள். இந்த ஆண்டு விழாக்குழு வீப்கேவைத் தேர்ந்தெடுத்தது. காலையில் அவன் தொப்பியில் இறகைத் தைத்துக்கொண்டே ரோஸ்விதா சொன்னாள்: "பக்கத்துல உக்கார்றவளைப் பாத்து ரொம்பப் பல்லைக் காட்டாத."

"இது அந்த ஹாம்பர்க் தையல்காரி டான்யா வேலைதான்," என்று யோஸ்ட் எழுந்தான்.

அவர்கள் கோட்டைக்கு வந்தபோது, விழாக்குழுத் தலைவர் அதற்குள் டான்யாவை மூட்டை கட்டச் சொல்லியிருந்தார்.

"வேலை முடிஞ்சுதுன்னு ஒரு மணிக்கு முன்னாடியே பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். சத்தியமா நான் இல்ல சார்," என்றாள் அவள்.

அறைக்கு மூன்று சாவிகள். ஒன்று டான்யாவிடம். ஒன்று கீழே குடியிருக்கும் காவலாளியிடம். ஒன்று விழாக்குழுவில் இருக்கும் யோஸ்ட் வீட்டு ஆணியில்.

"மத்தியானம் சத்தம் ஏதாவது கேட்டுதாம்மா?" எர்டெல் காவலாளியின் மனைவியைக் கேட்டார்.

"பொட்டுச் சத்தம் இல்ல. தினம் ஒரு மணி அடிச்சா இவ மெஷினைப் போட்டு உயிரை வாங்குவா. ஒண்ணுலேர்ந்து மூணு ஊரே கண்ணசர்ற நேரம்னு சொன்னா கேக்கறாளா? இன்னிக்குத்தான் நானும் அவரும் குறட்டை விட்டோம்."

எர்டெல் அங்கியை உள்புறம் திருப்பினார். பொடிக் கைத்தையல். பழைய ஊசித்துளைகள் வழியாகவே போயிருந்தது.

"சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு கையால தைச்சிருக்கா!" என்றான் யோஸ்ட்.

"தினமும் போடற சத்தத்துக்கு இன்னிக்கு ஏன் பயப்படணும்? மெஷின்ல பத்து நிமிஷ வேலை. வேற யார் ஓட்டியிருந்தாலும் பழி இவ தலையிலதான் விழுந்திருக்கும். இதைச் செஞ்சவ அதை விட்டுட்டு ரெண்டு மணி நேரம் கையால தைச்சிருக்கா. ஏன்? ஓய்வு நேரத்துல மெஷின் போட அவளுக்குக் கை வரல. இந்த ஊர்ல பொறந்தவ. வயித்தெரிச்சல்லகூட அதை மீற முடியல."

யோஸ்ட் சிரித்தான். "அப்ப ஊர்ல பாதிப் பேரைப் பிடிக்கணும்."

"வீப்கேவுக்காகப் பிரிச்சு விட்ட தையல் இது. பழைய அளவுக்கே திரும்பக் கொண்டுவந்திருக்காங்க. கத்தரி பக்கத்துலயே கிடந்தது. ஆனா கிழிக்க மனசு வரல." எர்டெல் அங்கியை மேசைமேல் வைத்தார். "அது யார் அளவு, யோஸ்ட்?"

யோஸ்டின் சிரிப்பு நின்றது. மூன்று மணி வரை அவன் திடலில் குதிரையைப் பழக்கிக்கொண்டிருந்தான். சாவி வீட்டில் இருந்தது.

எர்டெல் ஆள் அனுப்பியிருந்தார். ரோஸ்விதா வந்து அங்கியைப் பார்த்தாள். பிறகு மூட்டையோடு நின்ற டான்யாவைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணை அனுப்பாதீங்க. நான்தான் செஞ்சேன்."

"ஏன் ரோஸ்விதா?" என்றான் யோஸ்ட்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"குழு என்னைத் தூக்கின அன்னிக்கு நீயும் அங்கதான உக்காந்திருந்த? அவ இல்லேன்னா நானும் இல்லேன்னு ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"