எடைச்சட்டை

காலையில் பல் துலக்கியதும் எடைச்சட்டை. நிலவுக் குடியிருப்பில் பிறந்த பிள்ளைகளுக்கு அதுதான் முறை. முன்பக்கம் ஆறு பை, பின்பக்கம் ஆறு பை, ஒவ்வொன்றிலும் ஓர் இரும்புத் தகடு. ரோஸ்லின் மகளின் தோளில் அதை மாட்டிப் பட்டைகளை இறுக்கினாள்.

"யம்மா, கனக்குது." ஒன்பது வயது ஜெனிட்டா முதுகை வளைத்துக் காட்டினாள்.

"நேரா நில்லுட்டி. இன்னைக்கு ஸ்கேன்."

இங்கே எல்லாமே பூமியின் கனத்தில் ஆறில் ஒரு பங்குதான். பெரியவர்கள் பூமியில் வளர்ந்த எலும்போடு வந்தவர்கள். ஓடுபொறியில் ஓடி அதைக் காப்பாற்றிக்கொள்வார்கள். வளரும் எலும்புக்கோ சுமைதான் தீனி. தாங்கத் தாங்கத்தான் அது இறுகும். அதனால் எலும்புச் சோதனையில் தேறாத பிள்ளையைப் பூமிக்கு இறக்க மாட்டார்கள்.

ரோஸ்லினுக்கும் கணவன் மிக்கேலுக்கும் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அடுத்த கப்பலில் மூன்று இருக்கைகள். காற்று வடிகட்டிகளைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போன அவள், தூத்துக்குடியின் உப்புக்காற்று முகத்தில் அடிப்பதை நினைத்தே இத்தனை வருடங்களைத் தள்ளியிருந்தாள்.

ஸ்கேன் முடிந்தும் டாக்டர் சுலைகா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தொடையெலும்பு போதாது. இப்ப இறக்கினா, படியில தடுக்கினாலே உடைஞ்சிரும்."

"தினமும் சட்டை போடுறாளே!" என்றான் மிக்கேல்.

"பன்னெண்டு தகடோடயா?"

ரோஸ்லின் தலை குனிந்தாள். "முன்னால மூணு எடுத்துட்டு பஞ்சு வச்சேன். தோள் செவந்து போய் அழுதா... மனசு கேக்கல. மூணுதானன்னு..."

மிக்கேல் கத்துவான் என்று காத்திருந்தாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பின்னால நாலு நான் எடுத்தேன்."

சட்டை லேசானதை இருவருமே தம் கைவேலை என்றுதான் நினைத்திருந்தார்கள்.

"அஞ்சு தகட்டுல ஒரு பிள்ளை வளர்ந்திருக்கு" என்றார் சுலைகா.

ரோஸ்லின் மகளிடம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமாட்டி?"

"தெரியும். அப்பா எடுத்தத சொன்னா நீ அப்பாவ ஏசுவ. நீ எடுத்தத சொன்னா அப்பா உன்ன ஏசும். அதான் ரொம்ப கனக்குற மாதிரி கூனிக்கூனி நடந்தேன்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"இத விட்டா அடுத்த கப்பல் மூணு வருஷம் கழிச்சுத்தான்" என்றார் சுலைகா. "ஒழுங்கா சுமந்தா அதுக்குள்ள தேறிருவா. வேணும்னா நீங்க ரெண்டு பேரும் முன்னால போகலாம். இங்க விடுதி இருக்கு."

ரோஸ்லின் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இருக்கைகளைத் திருப்பிக் கொடுக்க மிக்கேல் அதற்குள் எழுந்துவிட்டான்.

மறுநாள் பல் துலக்கியதும் எடைச்சட்டை. டாக்டர் சொன்னபடி இப்போதைக்கு எட்டுத் தகடு, மாதத்துக்கு ஒன்று கூடும். கடைசிப் பட்டையை இறுக்கியபோது ஜெனிட்டாவின் முழங்கால் மடங்கியது. மிக்கேலின் கை தன்னையறியாமல் பின்பக்கப் பைக்குப் போனது. ரோஸ்லின் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

"கனக்குதாட்டி?"

ஜெனிட்டா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தாள்.

"இல்லம்மா. லேசாத்தான் இருக்கு."