தோள் கொடுத்தவள்

மாம்பலத்தில் அத்தனை கூட்டம் ஏறிய பிறகும் கைனாத்துக்குப் பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை.

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மாலை வண்டியின் பெண்கள் பெட்டி. குடைகளிலிருந்து மழைநீர் சொட்டியது; வாடிய மல்லிகையும் வியர்வையும் யாரோ பிரித்த சமோசாவின் எண்ணெய் வாசனையும் ஒன்றோடொன்று கலந்து, மூடிய ஜன்னல்களுக்குள் வெளியேற வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. நின்றவர்களின் முழங்கால்கள் அவள் முழங்காலை இடித்தன. ஆனாலும் அவளுக்கு இடப்பக்கம் ஓர் ஆள் தாராளமாக உட்காரும் இடம் காலியாகவே கிடந்தது. ஏறியவர்கள் அதைப் பார்த்தார்கள். உடனே பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

திருமுடிவாக்கத்துப் பட்டறையில் இயந்திரத்துக்குள் கை சிக்கி, அவள் கணவன் ஜமீர் வீட்டோடு முடங்கிய பிறகு, மண்ணடியில் ஒரு காகித மொத்தக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள் கைனாத். மாடம்பாக்கத்திலிருந்து தாம்பரம்வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து ரயில். சேர்ந்த நாள் முதல் போகும்போதும் வரும்போதும் நின்றுகொண்டேதான் பயணம். வண்டி புறப்படும் இடத்திலேயே ஏறினாலும் உட்கார முடியாது. இந்தப் பெட்டியில் வழக்கமாக வருகிறவர்கள் கைக்குட்டை போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். முதல் வாரம் ஓர் இடத்தில் உட்காரப் போனவளைப் பச்சையம்மா தோளைப் பிடித்து எழுப்பினாள். பாரிமுனையில் ஏதோ அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்கிறவள். குரலே அடிப்பதுபோல் இருக்கும்.

"இன்னாம்மே, உன் பேரு எழுதிக்கீதா இங்க? எந்திரி."

அப்படிப்பட்டவர்கள்தான் இன்று அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். கனகவல்லி, அரசு அலுவலகத்தில் வேலை, மடிப்புக் கலையாத பருத்திப் புடவை, யாரிடமும் சிரிக்காத முகம், தன் ஜன்னலோர இடத்திலிருந்து மெதுவாக, ரொம்ப மெதுவாக எழுந்தாள்.

"இங்க வாம்மா. பாவம், தினமும் நின்னுகிட்டே வர்றே."

கைனாத் உருகிப்போய் "தாங்க்ஸ்க்கா" என்றாள். கனகவல்லி எதிர் இருக்கையில் பச்சையம்மா நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்து தன் இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

சைதாப்பேட்டை தாண்டி அடையாற்றுப் பாலத்தில் சக்கரங்களின் ஓசை மாறியபோது கைனாத்தின் தோளில் ஒரு தலை சாய்ந்தது.

கண்ணயர்ந்திருந்த அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரயிலில் இது சகஜம். யாரோ அசந்துபோன பெண், பாவம். ஈரம் காயாத கூந்தல் அவள் கழுத்தில் உரசியது. தேங்காயெண்ணெய் வாசனை, அதற்கடியில் துருப்பிடித்த இரும்பின் வாசனை. மூச்சு சீராக, வெதுவெதுப்பாகத் துப்பட்டாவை நனைத்தது. உதட்டில் சிரிப்போடு திரும்பிப் பார்த்தாள்.

காலி இருக்கை.

தோளில் துணி அழுந்திக் குழிந்திருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அந்தக் குழி இன்னும் கொஞ்சம் ஆழமானது.

"கத்தாதே." கனகவல்லியின் உதடுகள் லேசாகத்தான் அசைந்தன. "ஆடாம இரு. எழுந்துடும்."

தாம்பரம்வரை அவள் ஆடவில்லை. எல்லோரும் இறங்கிய பிறகு பச்சையம்மா மட்டும் வாசலில் நின்று கிசுகிசுத்தாள். "பையைப் பக்கத்து சீட்ல வெச்சி, மெள்ள அதும்மேல சாச்சுடு. கொழந்தைய எறக்குறாப்பல." கைனாத் இரண்டு கைகளாலும் இல்லாத ஒரு தலையைத் தாங்கினாள். கனத்தது. விரல்களில் முடி சிக்கியது. பையைக்கூட எடுக்காமல் நடைமேடையில் ஓடினாள்.

அன்று வீட்டில் மகள் ஜெய்னப் மடியில் ஏறி அந்தத் தோளில் தலை சாய்த்தாள். கைனாத் அலறிக்கொண்டு பிள்ளையைத் தள்ளிவிட்டாள். ஜமீர், கட்டுப்போட்ட கையோடு, ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னாச்சு உனக்கு? வேலை முடியலேன்னா விட்டுடு" என்றான். விட்டுவிட்டால் அடுப்பு எப்படி எரியும் என்று இருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் பொதுப்பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள். பிதுங்கும் கூட்டத்தில் பக்கத்து இடம் காலியானது. தோள் கனத்தது. அதற்கு மறுநாள் பஸ். ஜி.எஸ்.டி. சாலையில் மழைத் தண்ணீர் தேங்கி வண்டி ஊர்ந்தது. இரண்டு பேர் இருக்கையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். தனியாக இல்லை. அந்த மூச்சு மட்டும் காதோரம் ஏறி இறங்கியது.

அவள் பெண்கள் பெட்டிக்கே திரும்பினாள். அங்கேயாவது விஷயம் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

"நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?" என்று கேட்டாள். தோளில் அப்போதும் பாரம் இருந்ததால் மூச்சுக் காற்றாகத்தான் கேட்க முடிந்தது.

"ஒண்ணும் பண்ணல. புதுசா வந்தே, அவ்ளோதான்" என்றாள் பச்சையம்மா. "நானும் தாங்குனேன், இவங்களும் தாங்குனாங்க. எத்தினி நாளிக்குத்தான் தாங்குறது?"

"எழுந்துட்டா?"

பச்சையம்மா கால்விரல்களைப் பார்த்துக்கொண்டாள். கனகவல்லிதான் சொன்னாள். "ஒரு தடவை எழுந்துச்சு. அப்போ இந்தப் பெட்டியில நாங்க ஒரு பெரிய கூட்டமே சேர்ந்து வருவோம். பொறந்தநாள்னா கேக் வெட்டுவோம். இப்ப நாங்க ரெண்டு பேருதான்."

"மத்தவங்க?"

"எறங்கிட்டாங்க."

"எங்க?"

"ஸ்டேஷன் இல்லாத எடத்துல."

அதன்பிறகு கைனாத் இதற்கும் பழகப் பார்த்தாள். எழும்பூரில் கால் மரக்கும், கிண்டியில் கழுத்து இறுகும், பழவந்தாங்கலில் இடது கை முழுதும் உணர்வற்றுப்போகும். கைபேசியை அணைத்து வைத்தாள். தும்மல் வந்தால் நாக்கைக் கடித்தாள். வீட்டிலும் மகளைத் தன் இடப்பக்கம் வரவிடவில்லை.

பிறகு ஒரு மழை வாரத்தில் அவளுக்கு இருமல் பிடித்தது.

அந்த வாரம் ஒரு மாலை கிண்டியில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி ஏறினாள். இளம்பெண், நனைந்த சுடிதார், வெளுத்த உதடுகள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கைனாத்தைப் பார்த்தாள். "அக்கா, கொஞ்சம் எடம் குடுக்கிறீங்களா? நிக்க முடியல."

எதிரே கனகவல்லியின் முகம் சட்டென்று மலர்ந்தது. முன்னால் குனிந்தாள். "குடு. மெதுவா சாச்சு வெச்சுட்டு எழுந்துக்கோ. நாங்க உனக்குக் குடுக்கல?"

கைனாத்தின் தொண்டைக்குள் இருமல் நகத்தால் கீறியது. எழுந்தால் போதும். வீட்டுக்குப் போய் ஜெய்னப்பை இடுப்பில் தூக்கிக்கொள்ளலாம். அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தாள்.

"இல்லம்மா. இங்க வேணாம். அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி வேற பெட்டிக்குப் போயிடு."

அந்தப் பெண் முகம் சிவந்து நகர்ந்தாள். "மனுசியா இவ?" என்று யாரோ சொன்னார்கள். "த்தூ" என்றார் இன்னொருவர். கனகவல்லி மட்டும் கைனாத்தின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது விக்கி விக்கி அடங்குவதை. பிறகு பச்சையம்மாவின் கையைப் பிடித்தாள். பரங்கிமலையில் கர்ப்பிணி இறங்கினாள். பல்லாவரம் வந்ததும் அவர்கள் இருவரும் எழுந்தார்கள்.

"அக்கா," என்றாள் கைனாத், கண்ணீரோடு. "போகாதீங்க."

பச்சையம்மா ஒரு கணம் தயங்கினாள். "மன்னிச்சுக்கம்மே." இறங்கிவிட்டாள். அவர்கள் ஓடுவதைக் கண்டு, காரணம் தெரியாமலே மற்றவர்களும் முண்டியடித்து இறங்கினார்கள்.

வண்டி கிளம்பியது. காலிப் பெட்டி. மேலே கைப்பிடிகள் ஒரே தாளத்தில் ஆடின. மழை கூரையில் இரைந்தது. விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது.

கைனாத் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். மார்பு வெடித்தது. அடக்கினாள். மறுபடி. அடக்கினாள்.

இருமினாள்.

தோளில் மூச்சு நின்றது.

பாரம் விலகியது. அந்த இடத்தில் மட்டும் குளிர். பக்கத்து இருக்கையின் பலகை முனகியது. வளையல்கள் கலகலத்தன; கூந்தலை யாரோ அள்ளி முடிகிறார்கள். நீண்ட கொட்டாவி ஒன்று. பிறகு தூக்கம் கலையாத பெண்குரல், காதோரம், சாதாரணமாக.

"எந்த ஸ்டேஷன் போச்சு?"

பற்கள் கிட்டித்தன. ஆனாலும், ரயிலில் யாராவது கேட்டால் சொல்வதுபோல், பதில் தானாக வந்தது. "பல்லாவரம்."

"அய்யய்யோ. அடுத்தது நம்ம எடம்." ஈரமான விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றின. "வா, எறங்கணும்."

அடுத்து வரவேண்டிய குரோம்பேட்டை வரவில்லை. விளக்குகள் இல்லை. ரோடு இல்லை. வேகம் குறைந்தது. வாசலுக்கு வெளியே நடைமேடை இல்லாத இருட்டு. சரளைக்கல். மழை.

வண்டி நின்றது. மணிக்கட்டு இழுபட்டது. கைனாத் வாசல் கம்பியை இறுகப் பற்றினாள். விரல்கள் ஒவ்வொன்றாக வழுக்கின.

பெட்டியின் வெளிச்சம் தண்டவாளத்தின் ஓரத்தில் விழுந்தது. அங்கே பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அலுவலகப் புடவைகள். தோளில் கைப்பைகள். கையில் சாப்பாட்டுக் கூடைகள். மழை முகத்தில் வழிய, கண்களை மூடி, ஒருத்தி தோளில் ஒருத்தி தலை சாய்த்து, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் நின்றவளின் தோள் மட்டும் காலியாக இருந்தது.