மேற்குச் சுவரில் வளர்ந்த முடி

முந்தின நாள் பூசிய இடத்தில் ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தது.

ருஃபினா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்பானியப் பாதிரிகளின் சான் எரோனிமோ மிஷனில் மழை பொய்த்துக் கோதுமை கருகியதிலிருந்து, கோயில் சாந்தில் கலக்க வைக்கோல் கிடையாது. அதற்கு மேஸ்திரி எவாரிஸ்தோ ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். மிஷனை விட்டு ஓடிப் பிடிபட்ட ஓதம் பழங்குடி ஆண்களுக்குச் சாட்டையடிக்கு முன்னால் முடியை ஒட்ட நறுக்குவார்கள். இடுப்புவரை ஆசையாக வளர்த்த முடி, கண்ணுகளா. அதைச் சுண்ணாம்பிலும் சப்பாத்திக்கள்ளிச் சாற்றிலும் போட்டு, அவர்கள் பெண்டாட்டிகளையே மிதிக்க வைத்தான். மேற்குச் சுவர் முழுக்க அப்படி எழும்பியதுதான்.

அந்த முடியைப் பிடித்து இழுத்தாள். வந்தது. முழம் நீளம் வந்தும் நுனி அறுபடவில்லை. வெடுக்கென்று இழுத்தபோது, ஈ உட்கார்ந்தால் மாட்டின் தோல் சிலிர்க்குமே, அப்படிச் சுவர் சிலிர்த்தது.

கையை எடுத்துக்கொண்டாள்.

"அக்கா!" சித்தி மகள் நிக்கோலாசா சாந்துக் கூடையோடு ஒட்டி வந்து நின்றாள். "புழுதிக் காத்து வருது, பாத்தியா? கண்ணு மறைச்சதும் எல்லாரும் மலைக்குக் கிளம்புறோம். வறண்ட ஆத்துல கூடிக்குவோம். நீயும் வா."

"கோஸ்மே வந்து தேடினா?"

"ஓடிப்போறப்ப உன் புருஷன் கள்ளிப்பழம் பழுக்குமுன்ன வரேன்னாரு. பழம் பழுத்து, குருவி தின்னு, எச்சமும் போட்டாச்சு. இன்னும் காத்துக்கிட்டிருக்க!"

"அவரு பிடிபடலைடி. அபாச்சிக் கூட்டத்தோட சேந்துட்டாருன்னு மேஸ்திரியே சொன்னான்."

"அவன் வாயில வர்றதும் ஒரு பேச்சா? கழுதை போடுற சாணியாவது அடுப்பெரிக்க ஆகும்."

ருஃபினா சிரித்தாள். ஆனால் போகவில்லை. இந்தச் சுவரடியில்தான் கோஸ்மே அவளை நிற்கச் சொல்லியிருந்தான்.

மதியம் சாய்வதற்குள் வானம் செம்மண் நிறத்துக்கு மாறி, தூண்கள்ளிகள் ஒவ்வொன்றாகக் காற்றுக்குள் கரைந்து மறைய, கோயில் மணி யாரும் தொடாமலே முனகிக்கொண்டிருந்தது. மணல் சுவரில் உரசும் ஓசைக்கு அடியில் இன்னொரு ஓசை, உலர்ந்த புல் நிமிர்வதுபோல மெல்லச் சரசரத்தது. ருஃபினா திரும்பிப் பார்த்தாள். சுவர் முழுக்க முடி. கருகருவென்று, இடுப்பு நீளத்துக்கு, காற்று அடித்த திசைக்கு எதிராக அசைந்துகொண்டிருந்தது.

அதிலிருந்து வாசம் வந்தது. முதல் மழையில் பாலைவனத்துப் புதர்கள் விடுமே, அந்த வாசம். அந்த இலையை வேகவைத்துத்தான் அவள் கோஸ்மேயின் தலையை அலசுவாள்.

கிட்டப் போனாள். நடுவில் ஒரு கொத்து மட்டும் வெள்ளை. சின்ன வயதில் நெருப்புத் துண்டு தெறித்து உச்சந்தலை வெந்த இடத்தில், கோஸ்மேக்கு வெள்ளையாக முளைக்கும் கொத்து.

பிடிபட்டவனுக்குத்தான் முடி வெட்டுவார்கள்.

"எங்கடி போனாங்க எல்லாரும்?"

எவாரிஸ்தோ கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். ஒரு கையில் ஆட்டுமயிர் கத்தரிக்கும் பெரிய கத்தரி. மறுகை விரலில், அவன் கழற்றாத தடித்த வெள்ளி மோதிரம்.

"கோஸ்மே எங்கே?" என்றாள்.

அவன் சிரித்தான். "தினமும் அவனைத்தானே தடவித் தடவிப் பூசிக்கிட்டிருக்க. முடி மட்டும்தான்னு நெனச்சியா? அடி தாங்காமப் போய்ட்டான். வீணாக்க முடியுமா?"

கையிலிருந்த கரணையை ஓங்கினாள். கத்தரிப் பிடியால் அவள் முகத்தில் அடித்தான். பல் உடைந்து நாக்கில் குத்தியது. மோதிரக் கை அவள் கூந்தலைச் சுருட்டி, தலையைத் தரையில் மோதியது. ஒரு தடவை. இன்னொரு தடவை. காதருகில் கத்தரி வாய் திறந்தது. காது மடல் பாதி போயிற்று.

பிறகு நின்றது.

அவன் மணிக்கட்டில் கறுப்பாக ஏதோ சுற்றியிருந்தது. கழுத்திலும்.

இழுத்தது.

நெடுநாள் உலர்ந்த சுவர் களியாகக் குழைந்து அவனை வாங்கிக்கொண்டது. முதுகு. தோள். எலும்பு ஒடிந்த சத்தம், பச்சைக் கொம்பை முறிப்பதுபோல. கத்தரி அவள் காலடியில் விழுந்தது.

"வெட்டு! ருஃபினா, வெட்டும்மா! தாயே!"

ஆற்றுப் பக்கமிருந்து நிக்கோலாசா கூப்பிடுவது கேட்டது. "அக்கா! அக்கா!"

ருஃபினா குனிந்தாள். கத்தரியை எடுக்கவில்லை. கரணையை எடுத்து, கூடையில் மிஞ்சிய சாந்தை அள்ளினாள்.

முதலில் வாய். சுண்ணாம்பு கொதித்துப் புகைந்தது. பிறகு மூக்கு. பிறகு கண்கள், ஒவ்வொன்றாக. கைக்குப் பழகிய வேலை. உள்ளங்கையால் தேய்த்து மட்டப்படுத்தினாள். பூச்சுக்கு அடியில் ஏதோ துடித்தது. துடித்தது. நின்றது.

அப்போதே ஓடியிருக்கலாம். அவளைக் குறை சொல்லாதீர்கள், என் கண்ணுகளா. அத்தனை நாள் காத்திருந்தவள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ரத்தத்தில் ஒட்டிய கூந்தலை அவிழ்த்து விட்டாள். பின்னாலிருந்து விரல்கள் வந்தன. இடப்பக்கத்திலிருந்து வகிர்ந்து, மூன்று புரியாகப் பிரித்து, வலிக்காமல். கோஸ்மே இப்படித்தான் பின்னிவிடுவான்.

"வந்துட்டியா," என்றாள். அழுதாள்.

நிக்கோலாசாவின் குரல் தேய்ந்து, அப்புறம் கேட்கவில்லை.

இரண்டு கைகள் மெதுவாகப் பின்னிக்கொண்டிருந்தன. பின்னல் முடிகிற இடத்தில், பிடரியில், மூன்றாவது கை ஒன்று வந்து படிந்தது. கூந்தலைக் கொத்தாகப் பிடித்துச் சுருட்டியது.

அதன் விரலில் மோதிரம் இருந்தது.