அரை முடி இடைவெளி

“இதுல கை வச்சது யாரு?”

நனைந்த தலையோடு, கையில் ஒரு கறுப்புப் பிலிமைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அச்சகத்தின் நடுவில் ஒருவன் நின்றான். சிவகாசியில் தீபாவளி சீசன்... பட்டாசுப் பெட்டி லேபிளும் காலண்டரும் மலைபோல் குவிந்து, மூச்சுவிட நேரமில்லாத வேளை. அந்த நேரத்தில் சத்தம் போடுகிறவனை யாருக்குப் பிடிக்கும்? வேலையில் இருந்த பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தஹ்மீனா லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தாள். ஆறு வருஷமாகப் பிலிம் போடும் பிரிவு அவள் பொறுப்பு.

“நாந்தான். என்ன கொறை?”

அவளைப் பார்த்ததும் அவன் ஒரு நொடி தடுமாறினான். இமையில் மழைத்துளி நிற்க, அந்தக் கண்கள்... கோபத்திலும் இத்தனை தெளிவா என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மீதே எரிச்சலும் வந்தது.

“ரெண்டு கோட்டுக்கு நடுவுல அரை முடி அளவு இடைவெளி விட்டு வரைஞ்சிருந்தேன். நானூறு எடத்துல. ஒண்ணு விடாம அடைச்சு வச்சிருக்கீக. வேலை தெரியாத எடத்துல கொடுத்தது என் தப்பு.”

வேலை தெரியாத இடமாம்! லேபிளில் இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் இழையளவு வெள்ளை தெரிந்தாலும் அத்தனையும் குப்பைக்குப் போகும். அதனால் ஓரங்களைச் சற்றே பருக்க வைத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி செய்வது அவளுக்குக் கைப்பழக்கம். நேற்று முதலாளி ராஜபாண்டியன் அண்ணாச்சி, ‘தெரிஞ்ச பையனோட வேலை’ என்று கொடுத்த படத்தில் நானூறு வெள்ளைக் கீற்றுகள். பாவம், வரையத் தெரியாத யாரோ என்று இரங்கி, மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு ஒவ்வொன்றாக அடைத்தாள். அந்த உபகாரத்துக்குக் கிடைத்த மரியாதை இது.

“எங்க தொழில்ல வெள்ளை தெரிஞ்சாத்தான் வேலை தெரியாதவுக. வேற எங்கனயாச்சும் பாத்துக்கோங்க.”

குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். லென்ஸுக்குள் எல்லாம் கலங்கித் தெரிந்தது... அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

வேறு எங்கே போவான்? அக்கம்பக்கத்தில் எல்லாரும் பிலிம் மெஷினை ஓரங்கட்டிவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து நேராக அச்சுப் பிளேட்டுக்கு மாறியாயிற்று. வெளியே மழை கொட்டியது. அவன் காகிதக் கட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டான். பக்கத்து மேஜை செல்லக்கனி அக்கா சும்மா இருப்பாளா? போய் விசாரித்துவிட்டு வந்தாள்.

“தவுபிக்னு பேராம். உங்க ஊரு விருதுநகருதான். மெட்ராசுல டாக்டராம். என் முட்டி வலிக்கு ஒரு மாத்திரை கேட்டேன்... அந்த டாக்டரு இல்லையாம்.”

“பின்ன?”

“கரண்டுக்குப் பதிலா வெளிச்சத்தை வச்சுக் கம்ப்யூட்டர் செய்யிற ஆராய்ச்சியாம். டாக்டர் பட்டம் வாங்கின பெறகும் ஆராய்ச்சிதான். நாளைக்கு அவனுக்கு லேப்புல ஒரு நாள் ஒதுக்கியிருக்காக. அதை விட்டா மூணு மாசம் காத்திருக்கணும். ஆனா அவன் வேலையே டிசம்பரோட முடியுதாம். அதான் அந்தக் கோவம்.”

இருக்கட்டுமே. அதற்காகப் பன்னிரண்டு பேர் முன்னால்...? தஹ்மீனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தது கணக்கில் வராது.

மூன்று மணிக்கு அவன் எழுந்து கூடத்தின் நடுவில் வந்து நின்றான்.

“எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. உங்க முன்னாடிதான் இவுகளைப் பேசினேன், அதனால உங்க முன்னாடியே சொல்றேன். இடைவெளியை அடைக்கக் கூடாதுன்னு நான் ஒரு வார்த்தை எழுதி அனுப்பலை. தப்பு என்னோடது. இவுக வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்காக.”

மெஷின் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. தஹ்மீனாவுக்குக் கேட்டது... நெஞ்சு வரைக்கும் கேட்டது. ஆனாலும் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிட முடியுமா?

“பின்னால நிக்கிறவுகளுக்குக் கேக்கலை. சத்தமா சொல்லுங்க.”

அவன் சிரித்துவிட்டான். இரண்டாவது தடவை, சத்தமாகவே சொன்னான்.

இடைவெளியை அடைக்காமல் அவள் மறுபடி போட்ட புதுப் பிலிம் வெளியே வந்ததும் அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேஜையில் விரித்தார்கள். இருந்தது ஒரே லென்ஸ். அவள் பத்து இடைவெளி பார்த்தால் அவன் பத்து பார்த்தான்.

“இதை அடைச்சா என்னதான் ஆயிரும்?” என்றாள்.

“இதெல்லாம் தங்கக் கோடாப் படியும். கரண்டு ஓடுற கோடு, ஒட்டிக்கிட்டாக் கருகிரும். இதுக்குக் கீழ வெளிச்சம் ஓடுற பாதைக இருக்கு, முடியில நூத்துல ஒரு பங்குகூட இருக்காது. ரெண்டு பாதை பக்கத்துல பக்கத்துல போகும்... தொடாது. ஆனா இதுல ஓடுற வெளிச்சம் அதுக்குத் தாவிரும். கூட்டல் பெருக்கல் எல்லாம் அதை வச்சுத்தான்.”

“தொடாமலேயா?”

“தொடாமலேதான். அம்புட்டுக் கிட்ட இருந்தாப் போதும்...”

சொல்லிவிட்டு நிமிர்ந்தவன், தாங்கள் இருவரும் எவ்வளவு கிட்ட இருக்கிறோம் என்பதை அப்போதுதான் கவனித்தான். அவளும் கவனித்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சரியாக இருந்ததை மறுபடியும் சரிசெய்தாள்.

“காலையிலிருந்து சாப்பிட்டீகளா?” என்று கேட்டாள், வேறு எதுவும் தோன்றாமல்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. “ஒண்ணுகூடக் கருகலைங்க...” என்றான். அதற்குப் பிறகு தினமும் நாலு மணிக்கு, டீ வரும் நேரத்தில் வந்தது. அவன் லேப்பில் பட்ட பாட்டைச் சொல்வான், அவள் அன்றைக்குக் கழித்துப் போட்ட லேபிளைச் சொல்வாள். டீ ஆறிப் போகும். செல்லக்கனி அக்கா அதையும் எடுத்துக் குடித்துவிடுவாள்.

நவம்பர் நடுவில் போன் நின்றது. தானாகக் கூப்பிட அவள் ரோஷம் விடவில்லை. ஒன்பது நாள்... நாலு மணி டீயை ஆறவிடாமல் குடித்தாள். ஒன்பதாம் நாள் அண்ணாச்சிதான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். டிசம்பருக்கு மேல் அவனுக்கு வேலையை நீட்டிக்கவில்லையாம். பையன் லீவு போட்டுவிட்டு விருதுநகரில் பெற்ற அத்தாவின் கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறானாம், யாரிடமும் முகங்கொடுத்துப் பேசுவதில்லையாம்.

அன்று வீட்டுக்குப் போனதும் தஹ்மீனா தன் அத்தாவிடம் பேசினாள். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவனுக்குப் போன் போட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னாள்.

தூறலில் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. கண்கள் மட்டும் அன்று பார்த்தது போலவே.

“எதுக்கு போன் பண்ணலை?”

“டிசம்பரோட வேலை முடியுது. நாலு எடத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன், எது கிடைக்கும்னு தெரியாது. இந்த நெலமையில உங்ககிட்ட என்னத்தப் பேச? நாளைக்கு உங்க அத்தா முன்னாடி வந்து நின்னு, என்ன வேலைன்னு அவுக கேட்டா...”

அத்தா முன்னாடி. தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கே பிறகுதான் உறைத்தது போல... அப்படியே நிறுத்திவிட்டான். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு” என்றாள் தஹ்மீனா. “வேலை இருந்தாலும் இல்லாட்டியும். அத்தாகிட்ட நேத்தே சொல்லிட்டேன்.”

“சொல்லிட்டீகளா... என்னன்னு?”

“உள்ளதைச் சொன்னேன். டிசம்பர் வரைக்கும் வேலை, அதுக்கப்புறம் தெரியாதுன்னு.”

“அவுக?”

“அவுகளுக்கு மொளகா வத்தல் யாவாரம். ‘மழை பேஞ்சா ஒரு வெலை, காஞ்சா ஒரு வெலைன்னுதான் உன்னைய வளத்தேன். தீபாவளி முடிஞ்சா உனக்கே வாரத்துல மூணு நாளுதான் வேலை. இந்தச் சீமையில சீசனைத் தாண்டி யாருக்கு நிச்சயம் இருக்கு? வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் வரச் சொல்லு’ன்னாக.”

தூறல் அவன் தாடியில் முத்து முத்தாக நின்றது.

“இன்னைக்கு... வெள்ளிக்கிழமைதானே?”

“ஆமா. கடையைச் சாத்திட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, ரெண்டு மணிலருந்து வாசல்லயே ஒக்காந்திருக்காக.”

தவுபிக் தாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டான். முகம் சிவந்தது, கண் கலங்கியது.

“தஹ்மீனா... எனக்கும் உங்களை... லென்ஸ்லருந்து கண்ணை எடுத்துப் பாத்தீகளே, அப்பவே...”

“அதை எங்கிட்ட அப்புறம் சொல்லலாம்” என்றாள் அவள், குரல் நடுங்க. “மொதல்ல வந்து எங்க அத்தாகிட்ட சொல்லுங்க.”