மூச்சு விட்ட இடம்

பரளச்சி விலக்கில் அனுசியாவை இறக்கிவிட்டு ஷேர் ஆட்டோ போனபோது உச்சிவெயில். இடுப்பில் மகள் துர்காதேவி. இன்னும் நடை பழகாத பிள்ளை. கண்ணுக்கு எட்டியவரை வேலிக்கருவை. எங்கோ கரிமூட்டம் புகைந்தது. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

நாளை அருப்புக்கோட்டையில் மேடை. அவள் பாடப்போகும் தாலாட்டு, இந்த ஊர்ச் சுப்பம்மாள் எப்போதோ ஓர் ஆய்வாளரின் டேப்புக்குப் பாடியது. சுப்பம்மாள் இன்று இல்லை. அந்தக் குரலின் இழுப்பையும் இருமலையும்கூட அனுசியா அப்படியே பிடித்திருந்தாள். ஓர் இடம்தான் இடறியது. 'கருவக்காட்டு நெழலு காத்திருக்கு, கண்ணசரு என்...' அங்கே ஒரு மூச்சு நேரம் வெறுமை. பிறகு பாட்டு தொடரும். கிழவி சொல்லை மறந்திருப்பாள் என்று, வீட்டில் பாடும்போது மகளின் பெயரை அதில் வைத்தாள். இப்போது அந்தப் பாட்டு இல்லாமல் பிள்ளை கண்மூடாது.

மேடையேறும் முன் சரியான சொல்லைக் கேட்கத்தான், சுப்பம்மாளின் மகள் மாரிக்கனியிடம் வந்திருந்தாள்.

மாரிக்கனி தன் வீட்டு வாசல் வேம்பில் தூளி கட்டிப் பிள்ளையைக் கிடத்தினாள்.

"மூக்கு ஒன் மூக்கு இல்லையே தாயி. அப்பன் மூக்கோ?"

"எங்க மாமியா மூக்குக்கா. சண்டைக்கும் அப்படித்தான் வாரா."

சிரித்துக்கொண்டே அனுசியா கைபேசியில் பாட்டை ஓடவிட்டாள்.

மாரிக்கனியின் சிரிப்பு நின்றது.

"நிப்பாட்டு."

நிறுத்தினாள்.

"தாலாட்டுன்னு யாரு சொன்னா? கருவக்காட்டுல எந்தப் பிள்ளையத் தூங்கப் போடுவாக? பிள்ளை செத்தா, தூளிய அவுத்துக்கிட்டே பாடுறது இது. ராகம்தான் ஒண்ணு."

"அந்த மூச்சு விட்ட எடம்..."

"செத்த பிள்ளை பேரு வர்ற எடம். டேப்பு வச்சிருந்தவுக கேட்டாகன்னு ஆத்தா பாடுச்சு. சாவு இல்லாம பேரு சொல்லக் கூடாதுன்னு சும்மா விட்டுருச்சு."



"நீ அங்க என்ன வச்ச?" மாரிக்கனி கிசுகிசுத்தாள்.

அனுசியா தூளியைப் பார்த்தாள்.

காற்றே இல்லை. தூளி ஆடிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் வாரி எடுத்தாள். பிள்ளை விழித்திருந்தது. சூடாக இருந்தது. மூச்சு இருந்தது.

"இனிப் பாடாத. தூங்கலைன்னாலும் பாடாத."

கைபேசியை அணைத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு ஆட்டோ ஏறினாள். எம்.ரெட்டியபட்டி வரை பிள்ளை தூக்கத்துக்கு வீறிட்டது. அனுசியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுதுகொண்டிருக்கிற வரை பயமில்லை.

அழுகை சட்டென்று அடங்கியது.

பைக்குள்ளிருந்து அந்தக் கிழட்டுக் குரல். அதே இருமல், அதே இழுப்பு.

கண்ணசரு என்...

அந்த இடத்தில் இப்போது வெறுமை இல்லை.

"துர்காதேவி" என்றது குரல்.

பிள்ளை சிரித்தது. மெல்லக் கண்களை மூடிக்கொண்டது.