லைன் கொடுத்தவன்

மடியிலிருந்த கணவனின் சாப்பாட்டுப் பையை மெர்சி கீழே வைக்கவே இல்லை. அந்தக் கணவன் ஜீவானந்தம், எலக்ட்ரீசியன். நேற்று பிள்ளைப்பாக்கம் தாண்டி ஒரு வார்ப்பட ஆலையில் உயரே ஏறி கிரேனின் மின்கம்பியைப் பழுது பார்க்கையில் மின்சாரம் தாக்கி இறந்துபோனான். அந்தப் பழி அவள் தம்பி பாபுவின் தலையில் விழுந்திருந்தது.

"சாயங்காலம் கோர்ட்டுக்கு இட்டுக்கினு போறாங்களாம் ஐயா. புருசனும் போயி, தம்பியும் போனா நான் இன்னா பண்ணுவேன்?"

முனிரத்தினம் காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டார். போலீஸ் வேலையை விட்டுத் தனியாகத் துப்பறிய வந்தபின் அவருடைய மௌனங்கள் இன்னும் நீண்டிருந்தன. உதவியாளர் ரஞ்சனிக்கு அது தாங்காது.

"பாபு என்ன சொன்னாரு?"

"'சூப்பர்வைசர் லைன் கேட்டாரு, குடுத்தேன்'னு. போலீஸ்ல அதையே ஒத்துக்கினான்னு எழுதிக்கிட்டாங்க."

பாபு அதே ஆலையில் மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச் அறை ஆள். அழைப்புகளை இணைக்கும் டெலிபோன் பலகையும் அவன் பக்கத்திலேயே.

மெர்சியுடன் ஆலைக்குப் போகும் வழியெல்லாம் ரஞ்சனி துள்ளினாள். "கரண்ட் கம்பியும் லைன், போனும் லைன், அச்சு வார்க்கிற இடமும் லைன், தொழிலாளிங்க குடியிருக்கிறதும் லைன் வீடு! அவன் போனைத்தான் சொல்லியிருக்கான் சார்."

"சூப்பர்வைசர் கரண்ட்டுன்னு சொல்வாரு. யார் இழுத்தாலும் கூடவே போற வார்த்தைம்மா அது. விட்டுடு."

சுவிட்ச் அறையில் எல்லாவற்றின் மேலும் கரி படிந்திருந்தது. கிரேனுக்கான மூன்று ஃபியூஸ் கட்டைகளை ரஞ்சனி தொட்டாள். விரலில் கரி ஒட்டவில்லை.

"பாத்தீங்களா, கட்டை மூணும் மாட்டித்தான் இருக்கு" என்றார் சூப்பர்வைசர் தாண்டவராயன். "ஆள் மேல இருக்கும்போது பய சுவிட்சைப் போட்டுட்டான்."

"பின்னால நிக்கிறது?" என்றார் முனிரத்தினம்.

"கரண்ட் போனா கிரேனை ஓட்டுற ஜெனரேட்டர். அதுக்குத் தனி கம்பி, நேரா கிரேன் ஷெட்டுக்குப் போகும். அதோட சாவி, ஸ்டோர் சாவியோட சேர்ந்து எங்கிட்டதான். நேத்து அதைத் தொடவே இல்ல."

அறை வாசலில், அச்சுக்கு மணல் சுமக்கும் கிளியம்மாள் மெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உம் புருசன் மேல ஏறினா இந்தப் பையை மாட்டிக்கினுதான் ஏறுவாரு. சோத்து மேல அம்மாம் ஆசையான்னு கிண்டல் பண்ணுவோம்."

"அவர் மேலே உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்திருக்கீங்களா?" என்றார் முனிரத்தினம்.

"ஒரு வாட்டியும் இல்லையே."

முனிரத்தினம் பையைச் சுட்டிக்காட்டினார். "திறம்மா."

"ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. மனசு வரல ஐயா." மெர்சி ஜிப்பை இழுத்தாள். டிபன் பாக்ஸின் கீழே, கரி படிந்த மூன்று பீங்கான் ஃபியூஸ் கட்டைகள்.

ஆலையின் இரைச்சல் நின்றுபோனது போலிருந்தது ரஞ்சனிக்கு.

"கரண்ட்டை நிறுத்தக் கட்டையைக் கழட்டிக் கீழ வெச்சா யாராவது திரும்ப மாட்டிடுவாங்க" என்றார் முனிரத்தினம். " அதனால தன்னோடவே தூக்கிட்டு ஏறுவாரு. இது மேலே இருக்கும்போது பாபு எத்தனை தடவை சுவிட்சைப் போட்டாலும் கம்பியில உயிர் வராது. வந்திருக்குன்னா இந்தக் கட்டை தேவைப்படாத ஜெனரேட்டர் வழியா வந்திருக்கு. அப்புறம் பழியைப் பாபு மேல திருப்பணும். காலி இடத்துல ஸ்டோரிலிருந்து மூணு புதுக்கட்டை. பாவம், அதுல கரி பூச நேரமில்ல."

தாண்டவராயன் சுவரில் சாய்ந்தார். "கொப்பரையில காய்ச்சின இரும்பு சார். கிரேன் தூக்கலன்னா உறைஞ்சிடும். இறங்குடான்னு கத்தினேன்... இறங்கிட்டான்னு நெனச்சேன்."

"உலை இரைச்சல்ல அவருக்குக் கேட்டிருக்குமா?"

தாண்டவராயன் சாவிக்கொத்தை எடுத்து அவரிடம் நீட்டினார்.

ஸ்டேஷனுக்குப் பேச முனிரத்தினம் டெலிபோனை எடுத்தார். காதில் எதுவும் ஒலிக்கவில்லை. இணைப்புக் கொடுக்க ஆளில்லை; பலகையின் முன்னால் பாபுவின் நாற்காலி காலியாகக் கிடந்தது. மெர்சி பையை முதன்முறையாகத் தரையில் வைத்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பலகையில் செருகும் இணைப்புக் கம்பியைக் கையில் எடுத்தாள்.

"எந்த ஓட்டையில மாட்டணும்னு சொல்லுங்க ஐயா" என்றாள். "என் தம்பிக்கு நான் குடுக்கிறேன் லைன்."